பசித்தவன் மானமும் உண்டவன் உபதேசமும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்தில் நாம் பேசி உட்கார்ந்ததும், நெற்றி நிறையத் திருநீறு அணிந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கடவுள் இல்லை, மோட்சமில்லை, நரகமில்லை என்கிறீர்களே, அப்படியானால் பசித்துக் கிடக்கிற ஏழை எதற்காக ஐயா நாணயமாய் நடக்க வேண்டும்? அவனை யார் பார்க்கிறார்கள்? அவனுக்கு யார் கூலி கொடுக்கப் போகிறார்கள்?" என்றார். கேள்வி வீம்புக்குக் கேட்ட கேள்வியல்ல. ஆதலால் அவசரத்தில் பதில் சொல்லித் தட்டிக் கழிக்காமல், அடுத்த கூட்டத்தில் அதையே விஷயமாக எடுத்துப் பேசுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனோம். அந்தப் பெரியவரும் இன்று முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். மிகவும் சந்தோஷம்.

பதிலை நம்முடைய சொந்தச் சரக்கிலிருந்து எடுத்தால், "இது உங்கள் கட்சிக்காரர் பேச்சு" என்று சொல்லிவிடுவீர்கள். ஆகையால் நம் கட்சியைக் கேள்விப்படாதவர்களும், நமக்கு ஆயிரம் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முந்தியவர்களுமான சீன தேசத்தாருடைய பழமொழிகளிலிருந்து எடுத்துச் சொல்லலாமென்று நினைக்கிறோம். கஷ்டம் வந்த காலத்தில் மனிதன் யோக்கியனாய் நிற்பதைப் பற்றி அவர்களிடத்தில் ஏராளமான பழமொழிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஊரும் பேரும் உள்ள ஒரு மனிதனின் கதை இருக்கிறது. எல்லாம் மொழிபெயர்ப்புகளில் படித்துத் தெரிந்துகொண்டவைதான். ஆகவே வார்த்தைக்கு வார்த்தை சொல்லாமல் கருத்தை மாத்திரம் சொல்லுகிறோம்.

வெயில் காலத்தில் எல்லா மரமும் பச்சையாய்த்தான் நிற்கும். பனி கொட்டுகிற காலத்தில்தான் பைன் மரத்தின் யோக்கியதை தெரியும் என்பது ஒன்று. இது கன்பூஷியஸ் காலத்திலிருந்து வழங்குவது. மெய்யான பொன் நெருப்புக்குப் பயப்படாது என்பது மற்றொன்று. பலத்த காற்று அடித்தால்தான் எந்தப் புல் உறுதியான புல் என்று தெரியும் என்பது இன்னொன்று. இதற்கு ஒரு கதை உண்டு. லியூ சியூ என்பவன் கி.பி. 25-ல் சீனச் சக்கரவர்த்தி ஆனவன். அதற்குமுன் அவன் ஓட்டாண்டியாய் வடக்கே ஓடித் திரிந்தபோது, கூட வந்த ஒரு ஊர்க்காரர்களெல்லாம் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். வாங் பா என்ற ஒருவன் மாத்திரம் நின்றான். அவனைப் பார்த்து லியூ சியூ சொன்னதாக வழங்குவதே இந்தக் காற்றும் புல்லும். நிற்க.

இவற்றில் எங்கேயாவது சாமி வருகிறதா பாருங்கள். பைன் மரம் மோட்சத்துக்கு ஆசைப்பட்டுப் பச்சையாய் நிற்கவில்லை. பொன்னும் எம தூதனுக்கு அஞ்சி நெருப்பில் மின்னவில்லை. அதனதன் குணம் அது, அவ்வளவுதான். இதனால் சீனர்களெல்லாம் நாஸ்திகர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் கோயில் உண்டு, பேய் உண்டு, நாள் பார்ப்பதுண்டு. நன்மைக்கு நன்மை வரும், தீமைக்குத் தீமை வரும், வராவிட்டால் இன்னும் வேளை வரவில்லையென்று பொருள் என்று சொல்லுகிற பழமொழிகூட அவர்களிடத்தில் இருக்கிறது. வேளை எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை; நம் ஊர்ப் புரோகிதர் அடுத்த ஜன்மம் என்கிறாரே, அதைப் போலத்தான்.

இந்த வேளைக் கணக்கு எவ்வளவு லட்சணம் என்பதற்கு யாங் சென் என்பவருடைய கதையைக் கேளுங்கள். அவர் கி.பி. 124-ல் இறந்தவர், ஹான் வம்ச காலத்துப் பெரிய உத்தியோகஸ்தர். ஒரு சமயம் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போகிற வழியில் ஓர் ஊரில் தங்கினார். அந்த ஊர் அதிகாரி இவருடைய சிபாரிசினால் வேலைக்கு வந்தவன். அவன் ராத்திரியில் பத்துச் சின் எடைத் தங்கத்தை, அதாவது இன்றைய நிறையில் சுமார் இரண்டரைக் கிலோவை, மடியில் கட்டிக்கொண்டு வந்து நீட்டினான். வேண்டாமென்றார். "இருட்டு வேளை, ஒருவருக்கும் தெரியாது" என்றான். அதற்கு அவர், வானத்துக்குத் தெரியும், தெய்வத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எப்படி ஒருவருக்கும் தெரியாது என்கிறாய் என்று கேட்டு அனுப்பிவிட்டார். இது சீனாவில் "நால்வர் அறிவர்" என்று பழமொழியாகிவிட்டது.

நாலு சாட்சி சொன்னாரல்லவா? முதல் இரண்டு சாட்சிகள் பிற்பாடு என்ன செய்தார்கள் என்று விசாரிப்போம். அந்தப் பெரிய மனிதர் அரண்மனை அலிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் சேர்ந்து சொன்ன கோளினால் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, ஊருக்குத் திரும்புகிற வழியில் விஷம் குடித்து இறந்தார். தங்கத்தை வேண்டாமென்றதைப் பார்த்துக்கொண்டிருந்த வானம் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. ஆனால் மற்ற இரண்டு சாட்சிகள் இருக்கிறார்களே, "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்" என்ற அந்த இருவர், அவர்கள்தான் வேலை செய்தவர்கள். தங்கத்தைத் திருப்பியது அந்த "எனக்குத் தெரியும்" என்பதுதான். முதல் இரண்டையும் அடித்துவிட்டால் வழக்கில் ஏதாவது குறைகிறதா? யாங் சென்னுடைய பிள்ளைகள் காய்கறிச் சோறு தின்று கால்நடையாய் நடந்தவர்கள். சொத்துச் சேர்த்து வையுங்கள் என்று சிநேகிதர்கள் சொன்னபோது, நேர்மையான அதிகாரியின் சந்ததி என்ற பெயரே அவர்களுக்கு நாம் வைக்கும் ஆஸ்தி என்றாராம். இப்போது முன் வரிசைப் பெரியவருக்கு ஒரு பாதிப் பதில் சொல்லியாகிவிட்டது.

வானத்தின் நியாயத்தைப் பற்றி நாம் மாத்திரம் கேட்கவில்லை. சீனர்களுடைய முதற்பெரும் சரித்திரக்காரரான சீமா சியென் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார். பழங்காலத்தில் இரண்டு சகோதரர்கள் ஒரு புதிய ராஜாவின் தானியத்தைத் தின்னமாட்டோமென்று மலையில் கீரை பறித்துத் தின்று பட்டினியால் செத்தார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது, வானம் நல்லவர் பக்கம் என்கிறார்களே, நல்லவன் பட்டினியாய்ச் சாகிறான், கொள்ளைக்காரன் முழு ஆயுசும் இருந்து சாகிறான், இதுதான் வானத்தின் வழியென்றால் அது சரியா தப்பா என்கிற கருத்தில் எழுதி வைத்தார். இதை அவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு எழுதவில்லை. கி.மு. 99-ல் லீ லிங் என்ற தளபதி வடக்கத்திப் படையிடம் சரணடைந்தபோது, ராஜ சபையில் எல்லாரும் அவனை ஏச, அவனுக்காகப் பரிந்து பேசினவர் இவர் ஒருவர். அதற்குத் தண்டனையாக விதையடித்தார்கள். பணம் கட்டினால் தப்பலாம். கையில் பணமில்லை, உதவ ஆளுமில்லை. அந்தக் காலத்து மானஸ்தர்கள் அந்த அவமானத்துக்குமுன் தற்கொலை செய்துகொள்வார்கள். இவர் செய்துகொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருந்த சரித்திரம் பாதியில் நின்றதால், ஊரெல்லாம் சிரித்தாலும் சிரிக்கட்டுமென்று உயிரோடிருந்து 130 அத்தியாயத்தையும் முடித்தார். மானம் என்றால் சாவது ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி நம் இயக்கத்தின் பெயருக்கே பொருத்தமான கதை ஒன்று. ச்சீ என்ற பழைய நாட்டில் கொடிய பஞ்சம். செல்வர் ஒருவர் பாதையோரத்தில் கஞ்சித்தொட்டி மாதிரி சோறும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றார். சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஒருவன் வந்தான். செல்வர் ஒரு கையில் சோற்றையும் ஒரு கையில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, "ஏய்! வா, தின்னு!" என்றார். அவன் நிமிர்ந்து பார்த்து, இந்த 'ஏய் வா' சோற்றைத் தின்னாமல் இருந்துதான் இந்தக் கதிக்கு வந்தேன் என்றான். செல்வர் பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டார். அவன் கேட்கவில்லை. தின்னாமலே செத்தான். இன்றைக்கும் சீன பாஷையில் இழிவோடு போடப்படும் பிச்சைக்கு 'ஏய் வா' சோறு என்றுதான் பெயர்.

கேட்டவுடன் உடம்பு சிலிர்க்கிறது, அல்லவா? நமக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கன்பூஷியஸின் சீடர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ஏய்" என்றபோது போனது சரி, மன்னிப்புக் கேட்ட பிறகு தின்றிருக்கலாமே என்றாராம். நாம் அந்தச் சீடர் கட்சி. மரியாதை கிடைத்த பிறகும் சாவது வீம்பு, மானமல்ல. அன்றியும், இந்தக் கதையை இரண்டாயிரம் வருஷமாய்ச் சொல்லிவந்தவர்களில் பெரும்பாலோர் செத்தவனுடைய மானத்தைத்தான் புகழ்ந்தார்களே ஒழிய, கொடுத்தவனுடைய வாயைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. பஞ்சத்தில் ஒருவனிடத்தில் மட்டும் களஞ்சியம் எப்படி நிறைந்திருந்தது என்று கேட்டவர்களோ இன்னும் சொற்பம். இந்தப் பழமொழியை எழுதி மாட்ட வேண்டிய இடம் பசித்தவன் குடிசையல்ல. சோறு போடுகிறவன் வீட்டுச் சுவர்.

இங்கேதான் நாம் உங்களுக்கு முக்கியமாய்ச் சொல்ல வந்தது இருக்கிறது. பெரியவர் கேட்ட கேள்வியின் மறுபாதியும் இதுதான். ஒரு பழமொழியைக் கேட்டால், அது என்ன சொல்லுகிறது என்று மட்டும் பார்க்கக்கூடாது. யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பசித்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது சுயமரியாதை. வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் பார்த்துச் சொன்னால் அது சுரண்டலுக்குப் பூட்டுகிற பூட்டு.

சீனர்களில் யோசித்தவர்கள் இதை அறியாதவர்களல்லர். களஞ்சியம் நிறைந்தால்தான் ஜனங்களுக்கு மரியாதை தெரியும், சோறும் துணியும் போதுமானால்தான் மானம் அவமானம் தெரியும் என்று குவான் சுங் என்ற பழைய மந்திரியின் பெயரால் ஒரு வசனம் வழங்குகிறது. மென்சியஸ் இன்னும் ஒரு படி போனார். ஜனங்களுக்கு நிலையான ஜீவனம் இல்லாவிட்டால் நிலையான மனமும் இராது. ஜீவனத்துக்கு வழி செய்யாமல் விட்டு, அவர்கள் திருடின பிறகு பிடித்துத் தண்டிக்கிற ராஜா குடிகளுக்கு வலை விரித்துப் பிடிக்கிறவன் என்கிற கருத்தில், ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார். இவ்வளவு சொன்னவர்களுடைய தேசத்திலேயே, ஒழுக்க உபதேசம் ஏழைகளுக்கு, சோறு பெரிய மனிதர்களுக்கு என்றுதான் நடந்தது.

லூ சுன் என்ற எழுத்தாளர் 1919-ல் 'குங் யீசி' என்று ஒரு சிறுகதை எழுதினார். குங் யீசி பரீட்சையில் தேறாத படிப்பாளி. கூலிக்காரர்கள் கடை வாசலில் நின்றுகொண்டு குடிப்பார்கள். நீண்ட அங்கி போட்ட பெரிய மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து குடிப்பார்கள். நீண்ட அங்கியும் போட்டுக்கொண்டு நின்றுகொண்டும் குடிப்பவன் இவன் ஒருவன்தான். படித்த படிப்பு ஒரு வேலைக்கும் உதவாததால் புஸ்தகம் திருடுவான், அடி வாங்குவான். கடையில் இருப்பவர்கள் கேலி செய்தால், உயர்ந்தவன் வறுமையிலும் நிலை தவறமாட்டான் என்ற கன்பூஷியஸ் வாக்கியத்தை முணுமுணுப்பான். கடை முழுவதும் கொல்லென்று சிரிக்கும். கடைசியில் பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் திருடினதற்காகக் காலை முறித்துவிட்டார்கள். கையால் தரையில் தவழ்ந்து வந்து ஒருமுறை குடித்துவிட்டுப் போனவன் அப்புறம் வரவில்லை. கடைக்காரனுக்கு ஞாபகமிருந்ததெல்லாம் பலகையில் எழுதியிருந்த பாக்கி 19 காசு. அந்தப் பெரிய வாக்கியம் அவனுக்குச் சோறும் போடவில்லை, திருடாமலும் தடுக்கவில்லை. ஒரு கைத்தொழில் கற்றுக்கொடுத்திருந்தால் இரண்டும் ஆகியிருக்கும்.

தாய்மார்களே! இதுவரை ஆண்களுடைய மானத்தைப் பேசினோம். உங்களுக்கு அந்தப் பழமொழிகள் என்ன செய்தன என்று கேளுங்கள்.

பதினோராம் நூற்றாண்டில் செங் யீ என்று ஒரு பண்டிதர் இருந்தார். 1033-ல் பிறந்து 1107-ல் இறந்தவர். அவரிடத்தில் ஒருவர், நாதியற்ற ஏழைக் கைம்பெண் பிழைப்புக்காக மறுமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். பட்டினியால் சாவது சின்ன விஷயம், கற்பு நிலை தவறுவது பெரிய விஷயம் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார் பண்டிதர். சொன்னவர் வயிறு பட்டினியா? இல்லை. வேடிக்கை என்னவென்றால், தம் தகப்பனாரின் குணங்களைப் புகழ்ந்து எழுதின இடத்தில், அவர் தம் உறவுக்காரப் பெண் ஒருத்தி விதவையானபோது அழைத்துவந்து மறுமணம் செய்துவைத்ததையும் நற்காரியமாக இவரே எழுதியிருக்கிறார்! சொந்த வீட்டுப் பெண்ணென்றால் இரக்கம்; ஊரார் வீட்டுப் பெண்ணென்றால் தர்மம். இந்த நியாயம் நம் வைதீகர்களுக்கு மாத்திரம் சொந்தமென்று நினைத்திருந்தோம்.

இந்த வாக்கியம் ஏட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1368-ல் மிங் வம்சத்து முதல் சக்கரவர்த்தி ஓர் உத்தரவு போட்டான். முப்பது வயதுக்குமுன் விதவையாகி, ஐம்பது வயதுக்குமேல் வரை மறுமணமின்றி இருப்பவளுக்கு வாசலில் சர்க்கார் விருதும், அந்தக் குடும்பத்துக்குக் கட்டாய ஊழிய வேலையிலிருந்து விடுதலையும் உண்டு என்பது உத்தரவு. கவனித்தீர்களா? பட்டினி அவளுக்கு, ஊழியத்தள்ளுபடி புருஷன் வீட்டாருக்கு. பிற்பாடு வந்த மஞ்சு ராஜாக்கள் காலத்திலும் இது தழைத்தது. கற்புக்கரசிகளுக்கென்று கல்லால் தோரண வாயில்கள் கட்டினார்கள். அன்ஹுவி மாகாணத்தில் தாங்யுவே என்ற கிராமத்தில் ஏழு கல் வாயில்கள் வரிசையாய் இன்றும் நிற்கின்றன. ராஜ பக்தி, பிதுர் பக்தி, தர்மம் இவற்றுக்கு நிற்கிற அந்த வரிசையில் கைம்பெண்களுக்கு நிற்பவையும் உண்டு. கல்லைச் செதுக்கின சிற்பிக்காவது அன்றன்று கூலி கிடைத்திருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தை சென் என்ற அறிவாளி இதைப் பார்த்துக் கொதித்தார். சட்டத்தினால் சாகிறவனுக்காவது இரக்கப்பட ஆள் உண்டு. மேலோர் தத்துவத்தைக் காட்டிக் கீழோரைக் கொல்லும்போது இரக்கப்படவும் ஆளில்லை என்பது அவர் கருத்து. பிறகு 1918-ல் 'புதிய இளைஞர்' என்ற பத்திரிகையில் மேலே சொன்ன லூ சுன் கற்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேசம் கெட்டுப்போவதற்கும் கைம்பெண் மறுமணத்துக்கும் என்ன சம்பந்தம், பல பெண்டாட்டி வைத்திருக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு பெண்ணின் கற்பை மெச்சிப் பட்டம் கொடுக்க என்ன யோக்கியதை என்று கேட்டார். நம் இயக்கம் 1925-ல் கிளம்பி இங்கே கேட்ட கேள்விகளை, ஏழு வருஷத்துக்குமுன், நம்மை அறியாத ஒருவர் அங்கே கேட்டிருக்கிறார். ஒரே நோய்க்கு இரண்டு ஊரில் இருமல் கேட்பது அதிசயமல்ல.

அப்படியானால் பழமொழிகளையெல்லாம் குப்பையில் கொட்டிவிடலாமா? பெரியவர் தலையை ஆட்டுகிறார். வேண்டாம். கடைசியாக ஒரு மனிதரைச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஜூ சிச்சிங் என்பவர் பீக்கிங்கில் சிங்ஹுவா சர்வகலாசாலையில் ஆசிரியர்; நல்ல எழுத்தாளர். உள்நாட்டு யுத்த காலம். நோட்டு அச்சடித்து அச்சடித்து, காலையில் இருந்த விலை மாலையில் இல்லை. மாதச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாது. பெரிய குடும்பம், அவருக்கோ தீராத வயிற்றுப் புண். 1947-ல் அவர் சாப்பாட்டைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். களஞ்சிய வசனம், மலையில் பட்டினி கிடந்த சகோதரர்கள், 'ஏய் வா' சோறு எல்லாவற்றையும் அதில் எடுத்து அலசினார். பட்டினியிலும் நிலை தவறாதே என்பது படித்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட சட்டம்; ஜனங்களுடைய சட்டம் வேறு, சோறில்லாதவன் சோறு கேட்பது மனித சுபாவம், அது அவனுடைய உரிமை என்பது அவர் கட்சி.

அடுத்த வருஷம், 1948 ஜூன் 18-ல், ஒரு பிரகடனம் அவரிடத்தில் கையெழுத்துக்கு வந்தது. அமெரிக்கா ஜப்பானைத் தூக்கி நிறுத்துகிற கொள்கையைக் கண்டித்து, அந்த அமெரிக்கா மலிவு விலையில் கொடுக்கிற உதவி மாவை வாங்க மறுக்கிறோம் என்பது பிரகடனம். அந்த மாவு அவர் வீட்டுக்கு எவ்வளவு முக்கியமென்று அவருக்குத் தெரியும். இதனால் மாதம் அறுபது லட்சம் சீன நோட்டு நஷ்டமென்று தம் நாட்குறிப்பிலே கணக்கும் எழுதிக்கொண்டார். கணக்குப் போட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மோட்சத்துக்கென்று எழுதவில்லை, ஒருவரும் அவரைக் கட்டாயப்படுத்தவுமில்லை. அதேசமயம் மாவுக்கு வரிசையில் நிற்கிற ஏழையைப் பார்த்து, நீயும் வாங்காதே, மானங்கெட்டவனே என்று அவர் பிரசங்கம் செய்யவுமில்லை.

ஆகஸ்டு 12-ந்தேதி அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். பட்டினியால் செத்தார் என்று பிற்காலத்தில் சிலர் கதை கட்டினார்கள். அது வேண்டாத அலங்காரம். வயிற்றுப் புண் முற்றித் துளையாகி, அறுவைக்குப் பின் இறந்தார் என்பதே உண்மை. படுக்கையில் கிடந்தபோது மனைவியிடம் சொன்னது, நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அந்த மாவை வாங்கிவிடாதே என்பதுதான்.

நேரமாகிவிட்டது. விளக்கில் எண்ணெயும் தீரப் போகிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்று வாயாலேயே கேட்கலாம்; முதலில் அந்தப் பெரியவர் கேட்கட்டும்.